அயல் நாட்டில் ஆறு மாதம்!
படிக்கப் போன இடத்தில் பரிமாற்ற மாணவர்கள் நடத்தும் குடித்தனம்

1958-ம் ஆண்டு. இத்தாலியின் தலைநகரான ரோமில், பல்கலைக் கழக ஆபீஸ் ஒன்றில் ஒரு மாணவி வந்து நின்றார். பெயர் சோபியா கொராடி. சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். அமெரிக்காவின் புல்பிரைட் உபகாரச் சம்பளம் பெற்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்.

அங்கே எழுதிய பரீட்சைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தன் இத்தாலியப் பட்டத்தை முடிக்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார்.

ஆபீஸில் இருந்தவர் அந்தச் சான்றிதழை மதிக்கவே இல்லை. ஊர் சுற்றிவிட்டு வந்து கதை சொல்லுகிறாயா, போய் ஒழுங்காகப் படி என்ற தோரணையில், நாலு பேர் முன்னிலையில் கடிந்து அனுப்பிவிட்டார். நியூயார்க்கில் பட்ட பாடெல்லாம் ரோமில் செல்லாக் காசாகிவிட்டது!

அந்த அவமானத்தை அம்மையார் மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக் கழகத் தலைவர்களின் அமைப்புக்கு ஆலோசகரானதும், 1969-ல் ஒரு மகஜர் தயாரித்தார். ஒரு நாட்டு மாணவன் இன்னொரு நாட்டில் சிறிது காலம் படிக்கலாம், அந்தப் படிப்பைச் சொந்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு வருஷக் கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

1987-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி அந்த யோசனை நிறைவேறியது. அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் கூடி மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தன. இதற்காகப் பாடுபட்டவர்கள் வேறு பலரும் உண்டு. ஆனாலும் "எராஸ்மஸ் அம்மா" என்று மாணவர்கள் செல்லமாக அழைத்தது கொராடி அம்மையாரைத்தான். அவர் 2025-ம் ஆண்டு அக்டோபரில் தமது 91-வது வயதில் காலமானார்.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இன்று அந்தப் படிப்புக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். அப்படியானால் பரிமாற்ற மாணவர்களுக்குக் கஷ்டமே இல்லையா? இருக்கிறது! அது ஆபீஸ் ஜன்னலிலிருந்து வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

திட்டம் என்ன?

எராஸ்மஸ் என்பவர் 15, 16-ம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பேரறிஞர். ஹாலந்து நாட்டு ராட்டர்டாமில் பிறந்தவர். பாரிஸ், கேம்பிரிட்ஜ், இத்தாலி என்று பல இடங்களில் படித்தும் கற்பித்தும் வாழ்ந்தார். 1536-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் காலமானார். ஊர் ஊராகப் போய் அறிவு தேடியவர் என்பதால் திட்டத்துக்கு அவர் பெயர் பொருத்தமாக அமைந்தது.

முதல் வருஷம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவ மாணவிகள் போனார்கள். இன்று 27 ஐரோப்பிய யூனியன் நாடுகளும், நார்வே, துருக்கி, செர்பியா போன்ற வேறு 6 நாடுகளும் திட்டத்தில் முழு உறுப்பினர்கள். மாணவர்களோடு தொழிற் பயிற்சி பெறுவோர், ஆசிரியர்கள் முதலியோரையும் சேர்த்தால், இதுவரை பயன் பெற்றவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகம். 2021 முதல் 2027 வரை ஏழு வருஷத்துக்கு ஒதுக்கிய பணம் சுமார் 2,600 கோடி யூரோ. ஒரு யூரோ நம் பணத்தில் ஏறத்தாழ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும்.

மாணவர் குறைந்தது இரண்டு மாதம், அதிகமாக ஒரு வருஷம் அயல் நாட்டில் படிக்கலாம். போகிற பல்கலைக் கழகத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. சொந்த ஊரில் கட்டுவதைக் கட்டினால் போதும். செலவுக்கு உதவியாக மாதந்தோறும் ஒரு தொகை கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு படிப்பு ஒப்பந்தம் எழுதப்படுகிறது. எந்த எந்தப் பாடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை 'புள்ளி' என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவர், அனுப்பும் பல்கலைக் கழகம், ஏற்கும் பல்கலைக் கழகம் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். வருஷத்துக்கு 60 புள்ளி, அரை வருஷத்துக்கு 30. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. லிஸ்பனில் சம்பாதித்த புள்ளி வார்சாவிலும் செல்லும்.

கொராடி அம்மையாரை விரட்டிய ஆபீஸருக்குப் பதில் சொல்லுவது இந்த ஒப்பந்தக் காகிதந்தான்.

பலெர்மோவிலிருந்து மியூனிக்குக்கு

காகிதம் சரி. வாழ்க்கை எப்படி? ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். தென் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துப் பெண். வயது 21. தகப்பனார் சாதாரண உத்தியோகஸ்தர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் அரை வருஷம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

இவளுக்கு விசா வேண்டாம். இத்தாலிய அடையாள அட்டை போதும். உடம்புக்கு வந்தால் ஐரோப்பிய சுகாதார இன்ஷியூரன்ஸ் அட்டை இருக்கிறது. பணம் மாற்றவும் வேண்டாம். இரு நாட்டிலும் யூரோதான். 2017-ம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து, சொந்த நாட்டு டெலிபோன் எண்ணையே அதிகப்படிக் கட்டணம் இல்லாமல் யூனியன் நாடுகளில் உபயோகிக்கலாம். நம் மாணவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்!

ஆனால் அவள் வந்து இறங்கும் சமயத்தைக் கவனியுங்கள். ஜெர்மனியில் பனிக்காலப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவில் ஆரம்பம். மியூனிக்கின் உலகப் புகழ் பெற்ற பீர்த் திருவிழா செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில்தான் முடியும். ஊர் முழுவதும் கூட்டம். ஓட்டல் அறைகளுக்குக் கொள்ளை வாடகை. அந்த நெரிசலில், பெட்டியும் கையுமாக ஜாகை தேடுகிறாள் நம் பெண்.

ஜாகை வேட்டை

மாணவர் விடுதிகள் இல்லாமல் இல்லை. 1972-ல் ஒலிம்பிக் விளையாட்டு வீராங்கனைகள் தங்கிய கிராமம் பிறகு மாணவர் குடியிருப்பாயிற்று. சுமார் ஆயிரம் சின்னஞ்சிறு வீடுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் குடியிருக்கும் மாணவர்களே தங்கள் இஷ்டத்துக்கு வர்ணம் தீட்டியிருப்பார்கள். பார்க்கக் கண்காட்சி மாதிரி இருக்கும். நகரின் வடக்கே பிரைமான் என்னும் இடத்தில் இன்னும் பெரிய மாணவர் நகரம் உண்டு. ஆனால் 2021-ல் அங்கே தீ விபத்து நடந்தது. பெரிய மாடிக் கட்டடங்கள் பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் வருஷக் கணக்கில் காலியாகக் கிடந்தன. ஊரிலோ அறைப் பஞ்சம்!

பரிமாற்ற மாணவர்களுக்கென்று விடுதிகளில் கொஞ்சம் அறைகள் ஒதுக்குகிறார்கள். அவை போதுவதில்லை. கிடைக்காதவர்கள் வெளியே தேட வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கு ஓர் அறை வைத்துக்கொள்ளும் கூட்டுக் குடித்தனம் அங்கே சகஜம். அப்படி ஓர் அறைக்கு மியூனிக்கில் 700, 800 யூரோ கேட்கிறார்கள்.

பணம் இருந்தாலும் உடனே கிடைத்துவிடாது. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் பேட்டி காண்பார்கள்! "சமைப்பாயா? சத்தம் போடுவாயா? எத்தனை மாதம் இருப்பாய்?" என்று கேள்விகள். "ஐந்து மாதம்" என்றதும் முகம் மாறும். இரண்டு வருஷம் இருப்பவனுக்குக் கொடுப்பார்களா, ஐந்து மாதத்தில் மூட்டை கட்டுகிறவளுக்குக் கொடுப்பார்களா?

இந்தத் தவிப்பில் மோசடிக்காரர்களும் புகுந்துவிடுகிறார்கள். அழகான அறையின் படத்தை அனுப்புவார்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்பார்கள். பணம் போகும், சாவி வராது. சாவியைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதே என்பது பரிமாற்ற மாணவர் கற்கும் முதல் பாடம்.

அறை கிடைத்தாலும் முடிந்ததா? குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர ஆபீஸில் விலாசத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். அதற்கு, "இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்" என்று வீடு கொடுத்தவரின் எழுத்து வேண்டும். இரண்டாங் கையாக வாடகைக்கு விட்டவர்கள் சிலர் அந்தக் கையெழுத்தைப் போட மறுப்பதும் உண்டு. கையெழுத்து இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் வேறு பல காரியங்கள் நடக்கா!

இது மியூனிக்கில் மட்டும் உள்ள சங்கடம் அல்ல. ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகமே, தங்க இடம் கிடைக்காவிட்டால் வர வேண்டாம் என்று 2022-ல் அயல் நாட்டு மாணவர்களை எச்சரித்தது. இத்தாலியின் மிலான் நகரில் 2023-ம் ஆண்டு மே மாதம் ஒரு மாணவி, வாடகைக் கொடுமையைக் கண்டித்துப் பல்கலைக் கழக வாசலிலேயே கூடாரம் அடித்துக்கொண்டு படுத்தாள். சில நாட்களில் மற்ற நகரங்களிலும் கூடாரங்கள் முளைத்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதவித் தொகை நாட்டுக்கு நாடு மாறும். போகிற நாட்டின் விலைவாசியைப் பொறுத்தும் மாறும். நம் பெண்ணுக்கு மாதம் 350 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகை 750. சாப்பாட்டுக்குச் சிக்கனமாக 250. பஸ், ரயில், புஸ்தகம், சில்லறைச் செலவு 100. ஆக 1,100 யூரோ. மாதம் 750 யூரோ துண்டு விழுகிறது. ஐந்து மாதத்துக்கு 3,750. நம் கணக்கில் மூன்றே முக்கால் லட்சம் ரூபாய்!

அது மட்டுமா? ஜெர்மனியில் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. 2,250 யூரோவை முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த பிறகுதான் அது திரும்பும். உதவித் தொகையோ பல இடங்களில் தவணையாக வருகிறது. கடைசித் தவணை, படிப்பு முடிந்து அறிக்கை கொடுத்த பிறகு!

இதில் திட்டத்தை நடத்துகிறவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. இந்தப் பணம் முழுச் செலவையும் ஏற்பதற்கு அல்ல, வெளிநாடு போவதால் ஏற்படும் கூடுதல் செலவுக்கு உதவிதான் என்கிறார்கள். வசதி குறைந்த மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ அதிகமாகவும் கொடுக்கிறார்கள். உண்மைதான். ஆனால் துண்டு விழும் 750 யூரோவில் 250 போனாலும் பாக்கி 500 இருக்கிறதே! அதைத் தகப்பனார் கொடுக்க வேண்டும். அல்லது, மாலையில் சாப்பாட்டு விடுதியில் தட்டு ஏந்திச் சம்பாதிக்க வேண்டும். யூனியன் குடிமக்கள் அங்கே வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

வகுப்பறை வேடிக்கைகள்

முதல் நாள் வகுப்பு பத்து மணி என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. நம் பெண் ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்காருகிறாள். ஒரு குஞ்சைக் காணோம்! பத்தேகாலுக்கு எல்லோரும் வருகிறார்கள், பேராசிரியரும் வருகிறார். ஜெர்மன் பல்கலைக் கழகங்களில் இது பழைய சம்பிரதாயம். அட்டவணையில் 'சி. டி.' என்று இரண்டு எழுத்து இருந்தால், கால் மணி தாமதமாகத் தொடங்கும் என்று அர்த்தம். கடிகாரத்துக்குப் பேர் போன நாட்டில் இப்படி ஒரு சலுகை!

பாடம் முடிந்ததும் டக், டக் என்று ஒரே சத்தம். மாணவர்கள் எல்லோரும் முஷ்டியால் மேஜையைத் தட்டுகிறார்கள். பயந்துவிட வேண்டாம். அங்கே அதுதான் கைதட்டல்.

பரீட்சையிலும் தலைகீழ் மாற்றம். இத்தாலியில் 30-க்கு மார்க். 18 வாங்கினால் பாஸ். பெரும்பாலும் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கப் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியிலோ 1 என்பது முதல் தரம். 4 என்றால் தப்பிப் பிழைத்தது. 5 என்றால் கோட். "எனக்கு ஒன்று புள்ளி மூன்று கிடைத்தது" என்று பெண் சந்தோஷமாக டெலிபோனில் சொன்னால், பலெர்மோவில் பாட்டியின் முகம் வாடிப்போகும்! பிரான்சில் 20-க்கு மார்க். 10 வாங்கினால் தேர்ச்சி. புள்ளிகளை ஒன்றாக்கிய ஐரோப்பா, மார்க்கை மட்டும் இன்னும் ஒன்றாக்கவில்லை.

அடுப்பங்கரையில் ஐரோப்பா

பரிமாற்ற மாணவர் வாழ்க்கையின் மையம் வகுப்பறை அல்ல, பொதுச் சமையலறை. குளிர்ப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. யாருடைய வெண்ணெயை யார் தின்றது என்பதில்தான் முதல் சர்வதேசத் தகராறு.

ஜெர்மன் தோழி ஆறரை மணிக்கே ரொட்டியும் பாலாடைக் கட்டியுமாக இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவாள். ஸ்பெயின் நாட்டுப் பையன் அடுப்பைப் பற்ற வைப்பதே ஒன்பதரை மணிக்கு. பத்து மணிக்கு மேல் சத்தம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பாத்திரம் சின்னதாயிருக்கிறதே என்று போலந்து மாணவன் சேமியாக் குச்சிகளைப் பாதியாக ஒடித்துக் கொதி நீரில் போடுவான். பார்த்துக்கொண்டிருக்கும் இத்தாலியப் பெண்ணுக்கு நெஞ்சே ஒடிந்துபோகும்!

சுவரில் ஒரு முறை அட்டவணை ஒட்டியிருக்கும். இந்த வாரம் குளியலறை யார், சமையலறை யார், குப்பை யார் என்று. குப்பையே ஒரு தனிப் படிப்பு. காகிதம் ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி, மற்றது இன்னொன்று. காலிப் புட்டியை எறிந்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். மாதக் கடைசியில் புட்டிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு போய் ரொட்டி வாங்கி வரும் மாணவர்கள் உண்டு.

ஞாயிற்றுக் கிழமை கடை கிடையாது. மற்ற நாட்களிலும் மியூனிக்கில் இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு. சனிக்கிழமை அரிசியும் பாலும் வாங்க மறந்தவர்கள் ஞாயிற்றுக் கிழமை அறைத் தோழரின் கருணையை நம்பித்தான் இருக்க வேண்டும். இரண்டு ஞாயிறு பட்டினி கிடந்தால் மூன்றாவது ஞாயிறு மறக்காது!

நவம்பர் மாதத்து இருட்டு

முதல் மாதம் வேடிக்கையில் போய்விடும். நவம்பர் வந்ததும் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். வானம் நாள் முழுவதும் சாம்பல் நிறம். கடலும் வெயிலுமாக வளர்ந்த சிசிலிப் பெண்ணுக்கு அப்போதுதான் வீட்டு ஞாபகம் வரும்.

பேச்சுத் துணையும் லேசில் அமையாது. புஸ்தகத்தில் படித்த ஜெர்மன் ஒன்று. மியூனிக் தெருவில் பேசும் ஜெர்மன் வேறொன்று. வகுப்பில் அருகே உட்காரும் உள்ளூர்ப் பெண் நல்லவள்தான். ஆனால் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதிகள் இருக்கிறார்கள். பிப்ரவரியில் போய்விடப் போகிறவளோடு எவ்வளவு தூரம் ஒட்டுவாள்?

ஆகையால் வெளியூர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களோடே சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்பெயின், கிரீஸ், போலந்து, இத்தாலி எல்லோரும் ஒன்று கூடி அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். ஜெர்மன் படிக்கப் போனவள் ஸ்பானிஷ் பாட்டுக் கற்றுக்கொண்டு திரும்புகிறாள்! இந்தத் திட்டத்தைக் குறை கூறுவோர் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். உள்ளூரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள், விருந்தும் கேளிக்கையுந்தான் மிச்சம் என்பார்கள்.

குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் வெறும் கேளிக்கைக் கூட்டம் அல்ல. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அவர்களே. ஜெர்மன் கடிதத்தைப் படித்து விளக்குவதும், அறை கிடைக்காதவனுக்குத் தரையில் படுக்கை விரித்துக் கொடுப்பதும் அவர்களே. தான் அந்நியன் என்று உணர்ந்தவனுக்குத்தான் இன்னொரு அந்நியனின் கஷ்டம் புரிகிறது. நாளைக்கு இவள் பலெர்மோவில் உத்தியோகம் பார்க்கும்போது, மொழி தெரியாத ஒருவர் காகிதத்தோடு ஜன்னலில் வந்து நின்றால், 1958-ல் ரோமில் நடந்ததுபோல் விரட்ட மாட்டாள் என்று நம்பலாம்.

இன்னொரு விளைவும் உண்டு. 2014-ம் ஆண்டு ஐரோப்பியக் கமிஷன் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பரிமாற்றத்துக்குப் போனவர்களில் நூற்றுக்கு 27 பேர் தங்கள் வாழ்க்கைத் துணையைப் போன இடத்திலேயே சந்தித்ததாகக் கண்டார்கள். 1987 முதல் அப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் பத்து லட்சம் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். சர்க்கார் திட்டங்களில் இப்படிப் பலன் தந்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே!

அரசியல் புகுந்தால்?

இவ்வளவு பேரை இணைக்கிற திட்டம் அரசியல் காற்றில் ஆடாமல் இருக்குமா?

2014-ல் சுவிட்சர்லாந்து மக்கள், வெளிநாட்டார் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதன் விளைவாக அந்த நாடு திட்டத்தில் தன் இடத்தை இழந்தது. எராஸ்மஸ் அடக்கமான பேசல் நகரமே எராஸ்மஸ் திட்டத்துக்கு வெளியே! 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கும் ஐரோப்பிய யூனியனுக்கும் ஏற்பட்ட தகராறில், அந்நாட்டின் பல பல்கலைக் கழகங்களோடு புது ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று தடை போட்டார்கள். சண்டை சர்க்கார்களுக்குள், பெட்டியைத் திரும்ப அவிழ்த்து வைத்தவர்கள் மாணவர்கள்.

பிரிட்டனின் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும்போது, எராஸ்மஸ் திட்டத்துக்கு ஆபத்து இல்லை என்று 2020 ஜனவரியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் பார்லிமெண்டில் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் விலகிக்கொள்வதாக அறிவித்தார். செலவு அதிகம் என்று காரணம் கூறப்பட்டது. பதிலுக்கு டூரிங் என்ற கணித மேதையின் பெயரில் 2021-ல் ஒரு திட்டம் வந்தது. அதில் பிரிட்டிஷ் மாணவர்கள் வெளியே போகலாம்; வெளி மாணவர்கள் வர உதவி இல்லை. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல் இரண்டும் அல்லவா? ஐந்து வருஷம் கழித்துப் பிரிட்டன் மனம் மாறியது. 2027-ல் மறுபடி எராஸ்மஸில் சேருவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சந்தாவில் தள்ளுபடி போக, 2027-28-க்குச் செலுத்த ஒப்புக்கொண்டது சுமார் 57 கோடி பவுன். எராஸ்மஸ் கேம்பிரிட்ஜில் கற்பித்தவர் என்பது வெளியேறும்போது நினைவுக்கு வரவில்லை போலும்!

நம்மவர்களுக்கும் இதில் ஒரு வாசல் உண்டு. 2004-ல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் என்னும் பிரிவில், உலகின் எந்த நாட்டு மாணவரும் இரண்டு மூன்று ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் மாறி மாறிப் படித்து மேல் பட்டம் பெறலாம். தேர்வு பெற்றால் மாதம் 1,400 யூரோ. இதில் இடம் பெறும் நாடுகளில் முன் வரிசையில் இருப்பது இந்தியா. ஆனால் நம் மாணவருக்கு விசா வேண்டும். நாடு மாறும்போதெல்லாம் வசிப்பு அனுமதியும் பார்க்க வேண்டும். பலெர்மோப் பெண்ணுக்கு இல்லாத இரண்டு கவலைகள் இவை.

போகாதவர்கள் யார்?

2020-க்குள் பட்டதாரிகளில் நூற்றுக்கு 20 பேராவது அயல் நாட்டில் படித்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 2009-ல் குறிக்கோள் வைத்தன. 2030-க்குள் 23 பேர் என்று 2024-ல் புதுக் குறிக்கோள் வைத்தார்கள். குறிக்கோள் முழுவதும் நிறைவேறினாலும் நாலில் மூன்று பேர் போகப் போவதில்லை என்பதல்லவா அர்த்தம்?

அந்த மூன்று பேரில் இஷ்டமில்லாதவர்கள் சிலர் இருக்கலாம். வயதான தாயாரை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கலாம். மாலை வேலையை விட்டால் குடும்பத்துக்குச் சோறில்லை என்பவர்கள் இருக்கலாம். முன்பணம் 2,250 யூரோவைப் பார்த்ததுமே மனுவை மடித்து வைத்தவர்களும் இருப்பார்கள். இவர்கள் பெயர் எந்தப் புள்ளி விவரத்திலும் வராது. ஏனென்றால் இவர்கள் மனுவே போடவில்லை. இடம் கொடுக்கவில்லை என்று இவர்களை யாரும் விரட்டவும் இல்லை.

2028 முதல் 2034 வரையிலான அடுத்த கட்டத்துக்குச் சுமார் 4,080 கோடி யூரோ ஒதுக்கலாம் என்று ஐரோப்பியக் கமிஷன் 2025 ஜூலையில் யோசனை கூறியது. தொகை பெரிதுதான். ஆனால் அது எதற்குப் போகும் என்பதுதான் கேள்வி. அதிகம் பேரை அனுப்பி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால், கையில் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் மேலும் போவார்கள். முதல் தவணையை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கொடுப்பதும், வருகிற மாணவர் எண்ணிக்கைக்குத் தக்கபடி விடுதி அறை கட்டுவதும், முன்பணத்துக்குப் பல்கலைக் கழகமே ஜாமீன் நிற்பதும் பெரிய தத்துவங்கள் அல்ல. ஆனால் பலெர்மோப் பெண் போவதா, வீட்டில் இருப்பதா என்று தீர்மானிப்பவை அவையே.

நம் கற்பனைப் பெண் பிப்ரவரியில் ஊர் திரும்புகிறாள். பெட்டியில் 30 புள்ளிக்கான சான்றிதழ் இருக்கிறது. ஒப்பந்தப்படி எல்லாம் கணக்கில் சேர வேண்டும் என்பது விதி. ஆபீஸ் குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்து முத்திரை குத்துகிறார். ஐந்து நிமிஷ வேலை.

அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் சோபியா கொராடி முப்பது வருஷம் போராடினார். அன்று தடுத்தது முத்திரை. இன்று தடுப்பது வாடகை. சான்றிதழோடு வந்த மாணவியை ஏற்றுக்கொள்ள ஐரோப்பா கற்றுக்கொண்டுவிட்டது. பெட்டியோடு வருகிற மாணவிக்கு ஓர் அறை கொடுக்க எப்போது கற்றுக்கொள்ளும்?